கண்ணுக்கு வரி! காமிராவுக்குச் சலுகை!

நெசவு ஆலையில் பாடுபடும் தோழர்கள் ஒரு சின்னக் கண்ணாடியைப் பார்த்திருப்பார்கள். மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். தறியிலிருந்து இறங்கிய துணியின் மேல் அதை விரித்து வைத்து, ஓர் அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று மேஸ்திரி எண்ணுவார். வெறும் கண்ணுக்குத் தெரியாத குற்றத்தைக் கண்டுபிடிக்க முதலாளிக்கு அந்தக் கண்ணாடி உதவுகிறது. தறியில் நிற்கும் தொழிலாளிக்கோ நாற்பது வயது தாண்டியதும் அறுந்த இழையின் நுனியே தெரிவதில்லை. அவர் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வேண்டுமென்றால் தம் கூலியிலிருந்துதான் காசு எடுக்க வேண்டும். அந்தக் காசிலும் சர்க்காருக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும்.

அந்தப் பங்கைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். சுங்க வரி, இறக்குமதி அட்டவணை என்றதும், "இது துறைமுகத்து வியாபாரிகள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உழைப்பாளி படித்துவிடக் கூடாது என்று எழுதியது போல இருக்கிறது அந்த அட்டவணையின் பாஷை. அதனால்தான் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே கண்ணாடி, எத்தனை பெயர்!

உலகத்துச் சரக்குகளுக்கெல்லாம் எண் போட்டு வரிசைப்படுத்தும் ஓர் ஏற்பாடு உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருக்கும் சர்வதேசச் சுங்க ஸ்தாபனம் அதை வகுத்தது. உலக அளவில் அது 1988 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. நம் நாடோ 1986இலேயே, 1975ஆம் வருடத்துச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையை அந்த வரிசைக்கு மாற்றிக்கொண்டது. லென்ஸ், மூக்குக் கண்ணாடி, காமிரா, மைக்ராஸ்கோப் எல்லாம் அதில் 90ஆம் அத்தியாயத்தில் வருகின்றன.

இனி வேடிக்கையைப் பாருங்கள். மூக்குக் கண்ணாடிக்காக வளைத்து வார்த்து, இன்னும் தேய்த்து மெருகேற்றாத கண்ணாடித் துண்டு 90ஆம் அத்தியாயத்திலேயே இல்லை. அது 70ஆம் அத்தியாயத்தில், 7015ஆம் தலைப்பில் கிடக்கிறது. அதையே பார்வைக்கு ஏற்றபடி தேய்த்து முடித்தால் 9001. தேய்த்த லென்சை ஒரு வளையத்தில் பொருத்தி, ஏதாவதொரு கருவியில் மாட்டுவதற்குத் தயாராகக் கொண்டுவந்தால் 9002. லென்ஸ் இல்லாத வெறும் மூக்குக் கண்ணாடிச் சட்டம் 9003. சட்டத்தில் லென்சை மாட்டி முழுக் கண்ணாடியாகக் கொண்டுவந்தால் 9004. மேஸ்திரி இழை எண்ணும் கண்ணாடியோ வேறொரு கருவியின் உறுப்பாக இல்லாமல் தானே ஒரு கருவியாக நிற்பதால் 9013க்குப் போய்விடுகிறது!

வளையம் இல்லாவிட்டால் ஒரு தலைப்பு, வளையம் போட்டால் இன்னொரு தலைப்பு. தலைப்பு மாறினால் வரியும் மாறலாம். சலுகையும் வரலாம், போகலாம். லென்ஸ் என்னவோ அதே லென்ஸ்தான்.

இப்படிப் பிரிப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சரக்குகளுக்குப் பெயர் வேண்டும், கணக்கு வேண்டும். நம் கிராமத்தில் நெல்லைக்கூட ரகம் பிரித்துத்தான் அளக்கிறோம். ஆனால் ரகம் பிரிக்கிற கை யாருடைய கை, படி யாருடைய படி என்று கேட்கத் தெரியாத விவசாயத் தொழிலாளி உண்டா? களத்து மேட்டில் கேட்கும் அந்தக் கேள்வியைத் துறைமுகத்திலும் கேட்போம்.

முதலாளிக்கு மூன்று மாதத்தில் பதில்

பெரிய இறக்குமதிக் கம்பெனிக்கு இந்த எண்களைக் கண்டு பயம் கிடையாது. அதற்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள். "நாங்கள் கொண்டுவருவது இன்ன சரக்கு, இதற்கு எந்தத் தலைப்பு, எவ்வளவு வரி?" என்று கப்பல் புறப்படுவதற்கு முன்பே மனுப் போட்டுத் தெரிந்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முன்கூட்டிய தீர்ப்பு என்று அதற்குப் பெயர். மனுப் போட்டு மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டமே கெடு வைக்கிறது. பதில் பிடிக்காவிட்டால் மேல் முறையீடு, அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட்.

வேலையிலிருந்து விரட்டப்பட்ட ஓர் ஆலைத் தொழிலாளி தாவா போட்டால் எத்தனை மாதத்தில் முடிகிறது? மாதமா, வருடமா? தீர்ப்பு வரும்போது அவர் பென்ஷன் வயதைத் தாண்டியிருப்பார். லென்சைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு மூன்று மாதம். மனிதனைச் சுற்றியிருக்கும் குடும்பத்துக்கு ஆயுசு முழுக்கக் காத்திருப்பு. இதுதான் இவர்களுடைய வரிசைப்படுத்தல்!

லென்ஸ் மேல் சர்க்காருக்கு ஏன் அக்கறை?

லென்ஸ் மேல் சர்க்கார்கள் கண் வைத்த கதை பழையது. 1914இல் முதல் உலக யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. உலகத்தில் கால்வாசியை ஆண்ட அந்தச் சாம்ராஜ்யம், பைனாகுலருக்கும் பீரங்கிக் குறிநோக்கிக்கும் வேண்டிய கண்ணாடியில் பெரும்பகுதியை எதிரி நாடான ஜெர்மனியிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. யுத்தம் மூண்டதும் வரத்து நின்றது. "உங்கள் வீட்டில் இருக்கும் பைனாகுலர்களைப் பட்டாளத்துக்குக் கொடுங்கள்" என்று லார்டு ராபர்ட்ஸ் பொதுமக்களிடம் வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று.

அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. சுதந்திர வியாபாரமே வேதம் என்று ஊருக்கு உபதேசித்த பிரிட்டிஷ் பார்லிமெண்ட், 1921இல் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வரும் லென்சுக்கும், லென்ஸ் செய்யும் கண்ணாடிக்கும், பைனாகுலர், மைக்ராஸ்கோப் முதலிய கருவிகளுக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரி. 1926இல் அதைச் சரிபாதியாக உயர்த்தினார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சர்க்கார் மனம் வைத்தால், வரி ஒரு கருவி. பீரங்கிக்கு லென்ஸ் வேண்டுமென்றால் வேதத்தையே மாற்றி எழுதி வரி போடும். காமிராவுக்கு லென்ஸ் வேண்டுமென்றால் வரியை அடியோடு எடுத்துவிடும். "வரி விஷயத்தில் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது" என்று எந்த ஆளவந்தாராவது நம்மிடம் சொன்னால், அந்தக் கை யாருக்காக அவிழ்கிறது, யாருக்காகக் கட்டிக்கொள்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

2023இல் நடந்தது

2023 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பார்லிமெண்டில் பட்ஜெட் படித்தார். கைபேசி உற்பத்தியை வளர்க்க, காமிரா லென்ஸ் போன்ற சில பாகங்களுக்குச் சுங்க வரியில் நிவாரணம் தருவதாக அறிவித்தார். கைபேசியின் காமிராப் பகுதியைச் செய்யப் பயன்படும் லென்சுக்கும் அதன் பாகங்களுக்கும் இருந்த 2.5 சதவீத வரி, பூஜ்யம் ஆயிற்று.

கண்ணுக்குப் போடும் லென்சுக்கு அன்று என்ன நிவாரணம்? ஒன்றுமில்லை. அது அப்போது உள்நாட்டில் 12 சதவீத ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டிருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து மூக்குக் கண்ணாடி லென்சுக்கு அந்த வரி. அதே 2017 ஜூலையில் தங்கத்துக்கு என்ன வரி போட்டார்கள் தெரியுமா? 3 சதவீதம். பட்டை தீட்டாத வைரத்துக்கு? கால் சதவீதம்! வைரம் வாங்குகிற சீமானுக்கு நூறு ரூபாய்க்கு 25 காசு. வெள்ளெழுத்து வந்த கிழவிக்கு நூறு ரூபாய்க்கு 12 ரூபாய்.

எட்டு வருடத்துக்கு மேல் இந்த அநியாயம் நடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மூக்குக் கண்ணாடிக்கும் லென்சுக்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் கூத்தாடத் தயாராக இல்லை. குறைத்த பிறகும் தங்கத்தைவிடக் கண்ணாடிக்குத்தான் வரி அதிகம். கண்துடைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எங்கே கிடைக்கும்!

வரியின் மேல் வரி

இறக்குமதிச் சரக்கின் மேல் வரி எப்படி ஏறுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் மதிப்பு 100 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 10 ரூபாய். அந்த 10 ரூபாய் வரியின் மேல் இன்னொரு 10 சதவீதம் உண்டு. 2018 பட்ஜெட்டில் கொண்டுவந்தது. அதன் பெயர் சமூக நல மேல்வரி! அது 1 ரூபாய். ஆகமொத்தம் 111 ரூபாய். இனி ஜி.எஸ்.டி. 100 ரூபாய்க்கா போடுவார்கள்? இல்லை, 111 ரூபாய்க்கும் சேர்த்துப் போடுவார்கள். 12 சதவீதம் இருந்த காலத்தில் அது 13 ரூபாய் 32 காசு. இப்போதைய 5 சதவீதத்தில் 5 ரூபாய் 55 காசு.

இந்த ஜி.எஸ்.டி.யைத் தொழிற்சாலை முதலாளி கட்டினால், தாம் விற்கும் சரக்கின் வரியில் அதைக் கழித்துக்கொள்கிறார். வியாபாரியும் கழித்துக்கொள்கிறார். கழித்துக்கொள்ள முடியாதவர் ஒரே ஒருவர்தான். கடைசியில் அந்தக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொள்கிறவர். எல்லோரும் தோளை மாற்றி மாற்றி இறக்கிய மூட்டை, கடைசியில் களை பறிக்கும் தாயின் தலையில் வந்து உட்காருகிறது.

'பொதுநலன்' என்றால் யார் நலன்?

1962ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுநலனுக்குத் தேவை என்று சர்க்கார் கருதினால், எந்தச் சரக்குக்கும் ஓர் அறிவிக்கை மூலம் வரி விலக்குக் கொடுக்கலாம். காமிரா லென்சுக்குப் பூஜ்ய வரி கொடுத்ததும் பொதுநலனின் பெயரால்தான்.

நம் பிள்ளைகள் கையிலும் கைபேசி இருக்கிறது. அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது இதுதான்: கைபேசியின் கண் தெளிவாகத் தெரிவது பொதுநலன் என்றால், அதைப் பூட்டுகிற தொழிலாளியின் கண் தெளிவாகத் தெரிவது பொதுநலன் ஆகாதா?

உலகத்தில் சுமார் 82 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வெள்ளெழுத்து வந்தும் தகுந்த கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019ஆம் வருடத்து அறிக்கை கணக்கிட்டது. வெள்ளெழுத்து ஒரு நோய்கூட அல்ல. நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது. நம் பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு ஜோடி லென்ஸ் போதும்.

அந்த லென்ஸ் இல்லாவிட்டால் என்ன ஆகிறது? ஆலைத் தோழருக்கு விழுதிலும் அச்சிலும் இழை கோக்க முடிவதில்லை. வயலில் இளம் நாற்று எது, புல் எது என்று பிரிக்கத் தடுமாற்றம். அரிசியில் கல் தெரியாது. பூச்சி மருந்து டப்பாவில் சிவப்பு முக்கோணம் தெரியும்; அதன் பக்கத்தில் கடுகு போல அச்சடித்திருக்கும் எச்சரிக்கை தெரியாது. சம்பளப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியாமல் ரேகை வைக்க வேண்டும். வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது என்று மேஸ்திரி சொல்வார். போனது வேகம் அல்ல, பார்வை.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டம் சொன்ன சாட்சி

இதற்குச் சாட்சி வேண்டுமா? 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற வைத்தியப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு ஆராய்ச்சி முடிந்த பின் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, மற்றவர்களைக் காட்டிலும் 21.7 சதவீதம் கூடியிருந்தது.

நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 21.7 சதவீதம்! புது யந்திரம் வாங்கவில்லை, புது உரம் போடவில்லை. இரண்டு லென்ஸ், ஒரு சட்டம், அவ்வளவுதான். இதில் நமக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. கண்ணாடி இல்லாமல் இத்தனை காலம் இலை குறைந்ததற்காகத் தொழிலாளி வாங்கிய வசவுக்கு யார் பொறுப்பு? கண்ணாடி போட்டபின் கூடிய இலையின் லாபம் யார் பெட்டிக்குப் போகிறது? அதில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு?

இரண்டு கேள்வியும் தோட்ட முதலாளிகளைச் சுடும். அதனால்தான் கண் பரிசோதனையை முகாமாக, தர்மமாக, போட்டோ எடுக்கிற வைபவமாக நடத்த விரும்புகிறார்களே தவிர, உரிமையாகத் தர விரும்புவதில்லை.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இலவசக் கண்ணாடி தரும் திட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பள்ளி வயதும் தாண்டி, முதுமையும் எட்டாமல், நாட்டின் சோற்றையும் துணியையும் உற்பத்தி செய்கிற நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர் எங்கே போவார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்க் கண் காட்டி, கண்ணாடிக்குப் பணம் கட்டி, அதற்கு வரியும் கட்ட வேண்டும். ஒரு கையால் முகாம் நடத்திவிட்டு மறு கையால் வரி வாங்குவது என்ன நியாயம்?

"காமிரா லென்சுக்கு வரியை எடுத்தால்தான் தொழிற்சாலை வரும், வேலை வரும்" என்பார்கள். வேலை வரட்டும். வேலையை எதிர்க்க நமக்கென்ன பைத்தியமா? ஆனால் இந்தச் சலுகையோடு வரும் நிபந்தனையைப் பாருங்கள். குறிப்பிட்ட உபயோகத்துக்காகச் சலுகை வரியில் சரக்கு இறக்குகிறவர், அதை அதே உபயோகத்துக்குத்தான் செலவழித்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்கென்றே 2022இல் தனி விதிகள் போட்டிருக்கிறார்கள். ஒரு லென்ஸ் வழி தவறி வேறு சரக்குக்குள் போய்விட்டால் சர்க்கார் விடாது!

மிளகளவு லென்ஸ் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்கத் தெரிந்த சர்க்காருக்கு, மிச்சமான வரிப்பணம் எங்கே போயிற்று என்று கேட்கத் தெரியாதா? சலுகை வாங்கியவர் என்ன கூலி கொடுக்கிறார், எத்தனை பேரை நிரந்தரமாக்கினார், எத்தனை பேரைக் காண்ட்ராக்டில் வைத்திருக்கிறார், சங்கம் வைக்க விடுகிறாரா என்று அந்த விதிகளில் ஒரு வரி உண்டா? கிடையாது. விலையைக் குறைக்க வேண்டும் என்றாவது உண்டா? அதுவும் கிடையாது.

சலுகை இது ஒன்றுதானா? 2020 ஏப்ரலில் அறிவித்த உற்பத்தி ஊக்கத் திட்டத்தில், கைபேசி முதலிய மின்னணுத் தொழிலுக்காகச் சுமார் 41,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கூடுதலாக விற்கும் சரக்கின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் வரை சர்க்கார் கையிலிருந்து கம்பெனிக்குப் பணம். அதே தொழிலில் உழைத்த இளம் பெண்கள் 2021 டிசம்பரில் என்ன பாடுபட்டார்கள்? விடுதிச் சாப்பாட்டில் நஞ்சு கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தபின், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்க வேண்டியிருந்தது. லென்சுக்குத் தூசி படாத அறை கட்டுகிறார்கள். பெண்ணுக்கு நல்ல சோறும் படுக்க இடமும் கேட்டால் சாலைக்கு வர வேண்டியிருக்கிறது.

நம்மால் செய்ய முடியாதா?

"வெளிநாட்டு லென்சுக்கு வரி போட்டால்தானே உள்நாட்டுத் தொழில் வளரும்? நீங்களே வரியை எடு என்கிறீர்களே?" என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். நல்ல கேள்வி. நேராகவே பதில் சொல்வோம்.

உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வரி மட்டும் போட்டுவிட்டுத் தொழிலை வளர்க்காமல் விட்டால், அது தொழிலைக் காப்பது ஆகாது; கண்ணைச் சுரண்டுவதுதான். இந்த நாட்டில் மூக்குக் கண்ணாடிக்கு வேண்டிய கண்ணாடியைச் செய்யவென்றே துர்க்காப்பூரில் ஒரு பொதுத்துறை ஆலை இருந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு கட்டியது. இன்று அது இல்லை. கண்ணாடி லென்ஸ் போய்ப் பிளாஸ்டிக் லென்ஸ் வந்த காலத்தில், அதைப் புதுப்பித்து ஓட்ட வேண்டிய சர்க்கார், அதன் கதவைச் சாத்தியது. ஆலையை மூடிவிட்டு வரியை மட்டும் வைத்திருப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

முடியாது என்பதும் பொய். நம் மதுரையைப் பாருங்கள். கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகள் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 1992இல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் ஆரோலேப் என்ற உற்பத்திச் சாலையைத் தொடங்கி, அந்த லென்சை இங்கேயே செய்யத் தலைப்பட்டார்கள். நூறு டாலரைத் தொட்டுக்கொண்டிருந்த லென்சின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. செய்தது யார் கை? மதுரைச் சீமையின் சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் கை. ஓர் ஆஸ்பத்திரியால் முடிந்தது இந்த நாட்டின் சர்க்காரால் முடியாதாம்! நம்புவதற்கு நாம் கண்ணிருந்தும் குருடர்களா?

ஆகவே நமது கோரிக்கைகள்

முதலாவது, பார்வைக்காகப் போடும் மூக்குக் கண்ணாடிக்கும், அதன் லென்சுக்கும், சட்டத்துக்கும் இறக்குமதி வரியும் கூடாது, ஜி.எஸ்.டி.யும் கூடாது. தொழிற்சாலைக் காமிராவுக்குப் பூஜ்யம் போடத் தெரிந்த பேனா, தொழிலாளியின் கண்ணுக்கும் பூஜ்யம் போடட்டும். அந்த வரியால் கிடைத்த வருமானம் போய்விடுமே என்றால், கால் சதவீதத்தில் சுகமாக இருக்கும் வைரத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, வரியைக் குறைத்ததன் பலன் கடைக்காரர் லாபத்தில் மறையாமல் விலையில் தெரிய வேண்டும். சாதாரணக் கிட்டப் பார்வைக் கண்ணாடிக்குச் சர்க்கார் உச்ச விலை கட்ட வேண்டும். ரேஷன் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, லென்ஸ் செய்யும் தொழிலைப் பொதுத்துறையில் மீண்டும் தொடங்க வேண்டும். அது நிற்கும்வரைக்கும் தாங்கிப் பிடிக்க வேண்டியது சர்க்காரின் பொக்கிஷம். ஏழையின் மூக்கு அல்ல.

நான்காவது, இறக்குமதிச் சலுகை வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும், சரக்குக் கணக்கோடு கூலிக் கணக்கையும் காட்ட வேண்டும். நிரந்தர வேலை, நியாயமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை இல்லாத இடத்துக்குச் சலுகையும் இல்லை என்று விதியில் எழுத வேண்டும்.

ஐந்தாவது, நாற்பது வயதான ஒவ்வோர் ஆலைத் தொழிலாளிக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் வருடந்தோறும் முதலாளி செலவில், கூலியோடு கூடிய கண் பரிசோதனை வேண்டும். கண்ணாடியும் முதலாளி செலவிலேயே வேண்டும். தறிக்கு எண்ணெய் விடும் செலவை யாராவது தொழிலாளியிடம் கேட்கிறார்களா? விவசாயத் தொழிலாளர்களுக்கு இதைச் சர்க்கார் கிராமத்திலேயே செய்ய வேண்டும்.

தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்தில், அடுத்த கிராமக் கூட்டத்தில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஓர் ஊசியையும் நூலையும் எடுத்துச் செல்லுங்கள். நாற்பது தாண்டியவர்களைக் கூப்பிட்டு, மாலை வெளிச்சத்தில் கோக்கச் சொல்லுங்கள். எத்தனை பேரால் முடியவில்லை என்று எண்ணி எழுதுங்கள். பெயரும் வயதும் செய்யும் வேலையும் போட்டு, மேலே சொன்ன ஐந்து கோரிக்கையோடு சேர்த்துத் தாசில்தாரிடமும், ஆலை நிர்வாகத்திடமும், உங்கள் தொகுதிப் பார்லிமெண்ட் அங்கத்தினரிடமும் கொடுங்கள். ஊருக்கு ஊர் அந்தப் பட்டியல் நீளட்டும்.

லென்சுக்கு வளையம் இருக்கிறதா இல்லையா என்று பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள், இந்தப் பட்டியலையும் அதே கண்ணாடி வைத்துப் படிக்கட்டும்!